எண்ணாமல் எடுத்த படங்கள்: சிறிய டிஜிட்டல் கேமராவின் வரலாறு

சட்டைப் பையில் அடங்கி, மாதச் சம்பளக்காரரின் கைக்கெட்டும் விலையில் விற்ற டிஜிட்டல் கேமராவின் காலம் ஏறத்தாழ இருபது ஆண்டுகள்தான். 1995இல் ஜப்பானின் கேசியோ நிறுவனம் க்யூ.வி.-10 என்ற கேமராவை விற்பனைக்கு விட்டபோது அந்தக் காலம் தொடங்கியது. 2010இல் உச்சத்தைத் தொட்டது. அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் கைபேசி அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. ஒளிப்பட வரலாறு எழுதுவோர் தொழில்முறைக் கேமராக்களையும் அவற்றை ஏந்திய கலைஞர்களையும் பற்றியே அதிகம் எழுதியிருக்கிறார்கள். ஆனால் சாதாரண வீடுகளில் படம் எடுக்கும் முறையை அடியோடு மாற்றியது விலை குறைந்த இந்தச் சிறிய கேமராதான். ஒரு படத்துக்கு இவ்வளவு செலவு என்று எண்ணிப் பார்த்துப் பொத்தானை அழுத்தும் பழக்கம் அதோடு முடிந்தது.

சிறிய கேமராவின் உருவம் டிஜிட்டலுக்கு முன்பே தேறிவிட்டிருந்தது. 1975இல் கோனிகா நிறுவனம் ஃப்ளாஷை உடலுக்குள்ளேயே பொருத்திய சி35 இ.எஃப். கேமராவைக் கொண்டுவந்தது. 1977இல் அதே நிறுவனத்தின் சி35 ஏ.எஃப். தூரத்தைத் தானே கணித்து ஃபோகஸ் செய்தது. 1979இல் வந்த கேனன் ஆட்டோபாய் ரோலையும் மோட்டாரால் சுற்றிக்கொண்டது. ஒளியளவு, தூரம், ஃபிலிமைச் சுற்றுதல் என்று பயனர் கற்றுக்கொள்ள வேண்டியிருந்த ஒவ்வொன்றையும் இயந்திரம் ஏற்றுக்கொண்டது. 1986இல் ஃபுஜி, ரோலோடு சேர்த்தே விற்று, படம் முடிந்ததும் கேமராவையே லேபில் கொடுத்துவிடும் முறையைக் கொண்டுவந்தது. இந்தியாவில் அதுவரை பல வீடுகள் அறிந்திருந்தவை ஆக்ஃபா க்ளிக் 3, பிறகு ஹாட் ஷாட் போன்ற எளிய கேமராக்கள். இவற்றில் பொத்தானை அழுத்துவதைத் தவிரப் பெரிதாக ஒன்றும் செய்யத் தேவையில்லை. எடுப்பது எளிதாகிவிட்டது, எடுத்ததற்கான செலவு மட்டும் குறையவில்லை.

அந்தச் செலவு மூன்று முறை வந்தது. ரோல் வாங்க ஒரு முறை, கழுவ ஒரு முறை, பிரிண்ட் போட ஒரு முறை. ஒரு ரோலில் 36 படங்கள். ரோல் முடியாமல் கழுவக் கொடுப்பது வீண் என்பதால், பொங்கலுக்குப் போட்ட ரோல் ஆடி வரை கேமராவுக்குள்ளேயே கிடந்த வீடுகள் உண்டு. கடைசி இரண்டு மூன்று படங்களை எதையாவது எடுத்து முடித்துவிட்டு லேபுக்கு ஓடுவார்கள். எடுத்தது சரியாக விழுந்ததா என்பது கழுவிய பிறகுதான் தெரியும். கண் மூடியிருந்தாலும், விரல் மறைத்திருந்தாலும் காசு போனது போனதுதான். அதனால்தான் அந்தக் காலத்துக் குடும்பப் படங்களில் எல்லாரும் நேராக நிற்கிறார்கள், எல்லாரும் நல்ல உடையில் இருக்கிறார்கள். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், சுற்றுலா ஆகியவற்றுக்கு வெளியே படம் எடுப்பது அரிது. சமையலறையில் நிற்கும் பாட்டியும், திண்ணையில் தூங்கும் தாத்தாவும் ஆல்பத்தில் இடம்பெறாமல் போனதற்கு முதல் காரணம் ரோலின் விலை.

ஃபிலிமுக்குத் தமிழ்நாட்டில் ஒரு சொந்தக் கதை உண்டு. 1960இல் நிறுவப்பட்ட பொதுத்துறை நிறுவனமான இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், ஊட்டியில் 1967இலிருந்து உற்பத்தி செய்தது. ஃபிலிமின் மேல் வெள்ளி உப்புக் கலவையைப் பூச, தூசி இல்லாத காற்றும் குளிர்ச்சியும் தூய நீரும் வேண்டும் என்பதால் நீலகிரி தேர்ந்தெடுக்கப்பட்டது. கறுப்பு வெள்ளை ஃபிலிம், அச்சுத் தாள், மருத்துவமனைகளுக்கான எக்ஸ்-ரே ஃபிலிம் ஆகியவை ‘இந்து’ என்ற பெயரில் இங்கிருந்து நாடெங்கும் போயின. ஆலையைச் சுற்றி எழுந்த குடியிருப்புக்கு இந்து நகர் என்ற பெயரே நிலைத்தது. இந்த ஆலையைச் சாய்த்தது டிஜிட்டல் கேமராதான் என்று சொல்லிவிடுவது எளிது. அது முழு உண்மையன்று. கலர் ஃபிலிமின் வரவும், 1990களில் இறக்குமதிக்குத் திறந்துவிடப்பட்ட சந்தையும் அதை முன்பே தளர்த்திவிட்டிருந்தன. தள்ளாடிக்கொண்டிருந்த நிறுவனம் மீண்டு எழுவதற்கான வாய்ப்பைத்தான் டிஜிட்டல் பறித்தது.

ஃபிலிமுக்குப் பதிலாக ஒளியைப் பிடிக்கும் சிலிக்கான் தகட்டின் கதை 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் தொடங்குகிறது. வில்லார்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் இருவரும் சி.சி.டி. என்ற சில்லை வகுத்தனர். ஒளி விழும்போது அதன் ஒவ்வொரு சிறு கட்டத்திலும் மின்னூட்டம் சேரும். அந்த மின்னூட்டத்தை வரிசையாகக் கைமாற்றி வெளியே கொண்டுவந்து அளந்தால் படம் எண்களாகக் கிடைக்கும். இதற்காக இருவருக்கும் 2009இல் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. 1975 டிசம்பரில் கோடக் நிறுவனத்தின் இளம் பொறியாளர் ஸ்டீவன் சாஸன், சி.சி.டி.யைக் கொண்டு தன்னளவில் இயங்கும் முதல் டிஜிட்டல் கேமராவைக் கட்டினார். எடை மூன்றரைக் கிலோவுக்கு மேல். 100க்கு 100 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை கேசட் நாடாவில் பதிய 23 விநாடி ஆனது; பார்க்கத் தொலைக்காட்சிப் பெட்டி வேண்டும். அதே கோடக்கில் பிரைஸ் பேயர், சில்லின் கட்டங்கள் மேல் பச்சை, சிவப்பு, நீல வடிகட்டிகளை மாற்றி மாற்றி வைக்கும் முறையை வகுத்து 1976இல் காப்புரிமை பெற்றார். கண் பச்சைக்கு அதிகம் கூர்மையானது என்பதால் பாதிக் கட்டங்கள் பச்சை. இன்றைய கைபேசிகளும் அந்த ஏற்பாட்டில்தான் நிறம் காண்கின்றன.

ஒளியைப் பிடிக்கும் சில்லு கிடைத்த பிறகும், மலிவான கேமரா வர இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. பிடித்ததைச் சேமிக்க இடமில்லை. சேமிக்குமளவுக்குச் சுருக்க வழியில்லை. 1981இல் சோனி காட்டிய மாவிக்கா, படத்தைத் தொலைக்காட்சி சமிக்ஞையாகவே சிறிய காந்தத் தட்டில் பதிந்தது. அது டிஜிட்டல் அன்று. 1988இல் ஃபுஜி காட்டிய டி.எஸ்.-1பி, படத்தை எண்களாக்கி மெமரி கார்டில் வைத்தது. ஆனால் அது கடைக்கு வரவில்லை. மின்சாரம் போனாலும் தரவை விடாமல் வைத்திருக்கும் ஃப்ளாஷ் நினைவகத்தை 1980களில் தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோகா உருவாக்கினார். படத்தைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கினாலும் கண்ணுக்குத் தெரியாத ஜேபெக் முறை 1992இல் தரமாக ஏற்கப்பட்டது. இந்த இரண்டும் சேர்ந்த பிறகுதான் கதவு திறந்தது. 1994இல் ஆப்பிள் விற்ற க்விக்டேக் 100 (செய்து கொடுத்தது கோடக்) 749 டாலர் விலையில் எட்டுப் படங்களை 640க்கு 480 புள்ளிகளில் எடுத்தது. அதிலும் எடுத்ததைக் கேமராவிலேயே பார்க்க முடியாது. கணினியில் இறக்கித்தான் பார்க்க வேண்டும்.

கேசியோவின் க்யூ.வி.-10 முக்கியமாவது இங்கேதான். கேசியோ கேமரா நிறுவனம் அன்று. கால்குலேட்டர், கைக்கடிகாரம், மின்னிசைக் கருவி, 1983இலிருந்து கையடக்கத் திரவப் படிகத் தொலைக்காட்சி ஆகியவற்றைச் செய்தது. லென்ஸ் செய்வதில் அதற்குப் பரம்பரை இல்லை. ஆனால் சிறிய திரை செய்யத் தெரியும். அந்தத் திரையைக் கேமராவின் முதுகில் வைத்தது. 1.8 அங்குலத் திரை, 270 பாகை திரும்பும் லென்ஸ், 2 மெகாபைட் உள்நினைவகம், அதில் 96 படங்கள். விலை 65,000 யென். படத்தின் தரம் மோசம்: 320க்கு 240 புள்ளிகள் மட்டுமே, ஃப்ளாஷ் கிடையாது, நான்கு பென்சில் பேட்டரிகளை விரைவாகக் குடித்தது. அதே ஆண்டில் எந்த மலிவான ஃபிலிம் கேமராவும் அதைவிட நல்ல படம் எடுத்தது. எனினும் மக்கள் வாங்கினார்கள். எடுத்ததை அந்த நொடியே பார்க்கலாம், பிடிக்காவிட்டால் அழிக்கலாம், பக்கத்தில் நிற்பவரிடம் காட்டலாம் என்ற மூன்றும் வேறு எதிலும் கிடைக்கவில்லை.

அந்தக் கேமராவில் கண்ணை வைத்துப் பார்க்கும் துளையே இல்லை. திரையைப் பார்த்துத்தான் படம் எடுக்க வேண்டும். எனவே கேமராவை முகத்தோடு ஒட்டிப் பிடிக்கும் நெடுங்காலப் பழக்கம் மாறி, கையை நீட்டி, முகத்திலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடிக்கும் பாங்கு வந்தது. பிற நிறுவனங்கள் பல ஆண்டுகள் பார்வைத் துளையையும் விடாமல் வைத்திருந்தன. 2007, 2008 வாக்கில்தான் பெரும்பாலான மலிவான கேமராக்களிலிருந்து அது மறைந்தது. லென்ஸைத் தன்னை நோக்கித் திருப்பித் தன்னையே எடுத்துக்கொள்ளவும் க்யூ.வி.-10இல் முடிந்தது. பின்னால் வந்த ஒவ்வொரு மாற்றத்தையும்விட முதுகுத் திரை ஒன்றே பெரிய மாற்றம். டிஜிட்டல் கேமராவின் வரலாற்றை மெகாபிக்சல் ஏறிய கதையாகச் சொல்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

அடுத்த சில ஆண்டுகள் சேமிப்பின் குழப்பத்தில் கழிந்தன. சான்டிஸ்கின் காம்பேக்ட் ஃப்ளாஷ், தோஷிபாவின் ஸ்மார்ட் மீடியா, சோனியின் மெமரி ஸ்டிக், பிறகு ஒலிம்பஸும் ஃபுஜியும் 2002இல் சேர்ந்து கொண்டுவந்த எக்ஸ்.டி. கார்டு என்று ஒன்றில் போட்டது இன்னொன்றில் நுழையாது. கேமராவோடு வந்த 8 அல்லது 16 மெகாபைட் கார்டு சில படங்களிலேயே நிறைந்துவிடும். பெரிய கார்டின் விலை பயமுறுத்தியது. இந்த இடைவெளியில் சோனி ஒரு நல்ல தீர்வு கண்டது. 1997இல் வந்த அதன் டிஜிட்டல் மாவிக்கா, எல்லாக் கணினியிலும் நுழையும் சாதாரண 3.5 அங்குல ஃப்ளாப்பியில் படத்தைப் பதிந்தது. கேமரா பருமனாகத்தான் இருந்தது. ஆனால் கம்பி வேண்டாம், மென்பொருள் வேண்டாம், ஃப்ளாப்பியை எடுத்துக் கணினியில் செருகினால் போதும் என்பதால் அமெரிக்காவில் நன்றாக விற்றது. 1999இல் மட்சுஷிட்டா, சான்டிஸ்க், தோஷிபா மூன்றும் அறிவித்த எஸ்.டி. கார்டு சில ஆண்டுகளில் பெரும்பாலோருக்கும் பொதுவானது. ஃப்ளாஷ் நினைவகத்தின் விலை ஆண்டுதோறும் விழ விழ, கார்டு நிறைந்துவிடும் என்ற கவலையும் தேய்ந்தது.

2000ஐ ஒட்டி இரண்டு மெகாபிக்சல் (இருபது லட்சம் புள்ளிகள்) என்ற எல்லையைச் சிறிய கேமராக்கள் தொட்டன. இதன் பொருளை ஒரு கணக்கில் காணலாம். லேபில் வழக்கமாகப் போடும் 4க்கு 6 அங்குலப் படத்துக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 1,200க்கு 1,800 புள்ளிகள், அதாவது 21.6 லட்சம் புள்ளிகள் போதும். இரண்டு மெகாபிக்சல் கேமரா அந்த அளவை நெருங்கிவிட்டது. கேனன் 2000இல் கொண்டுவந்த டிஜிட்டல் இக்ஸஸ் அந்தப் புள்ளிகளை உலோக உடலில், உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில் தந்தது. குடும்ப ஆல்பத்துக்கு அதற்கு மேல் தேவையில்லை. 2002ஐ ஒட்டி ஜப்பானிய நிறுவனங்கள் அனுப்பிய கேமராக்களின் எண்ணிக்கையில் டிஜிட்டல் ஃபிலிமை முந்தியது.

விலை இறங்கிய வரிசைகள் பிறகு வந்தன: கேனனின் பவர்ஷாட் ஏ, நிக்கானின் கூல்பிக்ஸ் எல், சோனியின் சைபர்-ஷாட் எஸ், கோடக்கின் ஈஸிஷேர் சி. இவற்றின் உடல் பிளாஸ்டிக், திரை சிறியது, வேகம் குறைவு, பெரும்பாலும் பென்சில் பேட்டரியில் ஓடின. விலையைக் குறைத்தது வெறும் சிக்கனம் அன்று. உள்ளே இருந்தவை பெரும்பாலும் ஒன்றே என்பதுதான் காரணம். சி.சி.டி. சில்லுகளைச் சோனி உள்ளிட்ட ஒரு சில ஆலைகளே செய்து எல்லாருக்கும் விற்றன. சான்யோ தன் பெயர் இல்லாமல் பிற நிறுவனங்களுக்காகப் பெருந்தொகையில் கேமராக்களைச் செய்து கொடுத்தது. தைவானின் ஆல்டெக், ஏஷியா ஆப்டிகல் போன்றவையும் அவ்வாறே. கடையில் நான்கு பெயர்களில் அடுக்கியிருந்தவற்றுள் சில ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்.

இந்தப் பொதுமை 2005 அக்டோபரில் வெளிச்சத்துக்கு வந்தது. சோனி செய்த சில சி.சி.டி. சில்லுகளுக்குள் நுண்கம்பிகளின் இணைப்பு, வெப்பமும் ஈரமும் மிகுந்த இடங்களில் விட்டுப்போனது. படம் குலைந்து நிறம் மாறி விழும்; அல்லது திரை கறுத்துவிடும். சோனியோடு கேனன், நிக்கான், ஃபுஜி, கோனிகா மினோல்டா, ஒலிம்பஸ் என்று போட்டி நிறுவனங்கள் வரிசையாக, தங்கள் கேமராக்களிலும் அதே குறை உண்டு, இலவசமாகச் சரிசெய்து தருகிறோம் என்று அறிவித்தன. இத்தனை நிறுவனங்களும் சோனியின் சில்லையே பயன்படுத்தியதை வாங்கியவர்கள் அப்போதுதான் அறிந்தார்கள். வெயிலும் கடற்காற்றும் உள்ள சென்னை, தூத்துக்குடி போன்ற ஊர்களில் வைத்திருந்தவர்களுக்கு அந்த அறிவிப்பு அக்கறைக்குரியது.

மலிவான கேமராவை வைத்துப் புழங்குவது தனிக் கலை. முதல் பாடம் பேட்டரி. கடிகாரத்துக்கும் டார்ச்சுக்கும் போடும் சாதாரண பென்சில் செல்லைப் போட்டால், லென்ஸ் வெளியே நீண்டு, இரண்டு மூன்று ஃப்ளாஷ் அடித்ததும் கேமரா படுத்துவிடும். செல்லில் ஆற்றல் தீர்ந்திருக்காது. மோட்டாரும் ஃப்ளாஷும் ஒரே நொடியில் கேட்கும் மின்னோட்டத்தை அதனால் தர முடியாது. மின்னழுத்தம் சட்டென்று விழ, கேமரா அதைத் தீர்ந்த செல்லாக எடுத்துக்கொள்ளும். எடுத்த அதே செல்லைக் கடிகாரத்தில் போட்டால் மாதக்கணக்கில் ஓடும். ஆல்கலைன் செல் சற்று மேல். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல், 1.2 வோல்ட்தான் தந்தாலும், கேட்ட மின்னோட்டத்தைத் தளராமல் கொடுக்கும். அதன் குறை, சும்மா வைத்திருந்தாலே வடிந்துபோவது. 2005 நவம்பரில் சான்யோ வெளியிட்ட எனலூப் அந்தக் குறையைத் தீர்த்தது. அலமாரியில் மாதக்கணக்கில் வைத்து எடுத்தாலும் மின்னூட்டம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். கோயில் திருவிழாவுக்குப் புறப்படுமுன் இரண்டு ஜோடி செல்களைச் சார்ஜரில் போடுவது பல வீடுகளில் வழக்கமானது.

இரண்டாவது பாடம் தாமதம். பொத்தானை அழுத்தியதும் கேமரா லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி, கோடுகள் எங்கே கூர்மையாகத் தெரிகின்றன என்று தேடும். அதற்குள் குழந்தை திரும்பிவிடும். பாதி அழுத்தி, பச்சை விளக்கு வந்ததும் முழுதும் அழுத்தத் தெரிந்தவர்களுக்கே ஓடும் பிள்ளை படத்தில் விழுந்தது. மூன்றாவது ஃப்ளாஷ். லென்ஸுக்கு அருகிலேயே ஃப்ளாஷ் இருந்ததால், அந்த ஒளி விழித்திரையில் பட்டு நேராகத் திரும்பி வந்து கண்களைச் சிவப்பாக்கியது. முன்கூட்டி ஒரு சிறு ஒளியை அடித்துக் கண்மணியைச் சுருங்கவைக்கும் ஏற்பாடு ஓரளவுதான் உதவியது. அருகில் நிற்பவரின் முகம் சுண்ணாம்பாய் வெளுக்க, பின்னால் மண்டபம் கரிய இருட்டாகக் கிடந்ததும் இதன் விளைவு. 2005இல் நிக்கான் முகத்தைக் கண்டுபிடித்து ஃபோகஸ் செய்யும் வசதியையும், 2007இல் சோனி சிரிப்பைக் கண்டதும் தானே எடுக்கும் வசதியையும் கொண்டுவந்தன. கைபேசிகளில் இன்று யாரும் கவனிக்காத இந்த உதவிகள் சிறிய கேமராவில் பழகியவையே.

இந்தக் குறைகளுள் பலவற்றுக்கு வேர் ஒன்றே: சில்லின் அளவு. பெரும்பாலான மலிவுக் கேமராக்களின் சில்லு சுமார் 25 சதுர மில்லிமீட்டர். ஃபிலிமின் ஒரு படம் 864 சதுர மில்லிமீட்டர். முப்பத்தைந்தில் ஒரு பங்கு பரப்பில் விழும் ஒளியைக் கொண்டு படம் செய்ய வேண்டியிருந்தது. வெயிலில் இது குறையாகத் தெரியாது. லென்ஸும் சிறியதாக அமைந்து, முன்னும் பின்னும் எல்லாம் தெளிவாக விழும் நன்மையும் கிடைத்தது. அந்தி சாய்ந்ததும் படத்தில் மணல் தூவியது போலப் புள்ளிகள் தோன்றும். இதை அறிந்தும் நிறுவனங்கள் அதே சிறு பரப்பில் ஆண்டுக்கு ஆண்டு புள்ளிகளை நெருக்கி அடைத்தன. 2003இல் நான்கு மெகாபிக்சல், 2008இல் பத்து, 2010இல் பதினான்கு. பெட்டியின் மேல் அச்சிட எளிதான எண் அது ஒன்றே என்பதால் விற்பனையாளரும் அதையே சொன்னார், வாங்குபவரும் அதையே கேட்டார். 2006இல் வந்த ஃபுஜியின் ஃபைன்பிக்ஸ் எஃப்30 ஆறு மெகாபிக்சலோடு நிறுத்திக்கொண்டு, மங்கிய ஒளியில் நல்ல படம் தந்து பெயர் வாங்கியது. ஆனால் அந்த வழியில் சந்தை போகவில்லை. இந்தப் போட்டியில் உண்மையில் தோற்றவர் வாங்கியவர்தான். பெரிய கோப்பு கிடைத்தது, நல்ல படம் கிடைக்கவில்லை.

தமிழ்நாட்டுக்கு இந்தக் கேமரா முதலில் கடை வழியாக வரவில்லை, உறவினர் வழியாக வந்தது. சிங்கப்பூரில் வேலை செய்தவர்களும் வளைகுடா நாடுகளிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்களும் பெட்டியில் கொண்டுவந்தார்கள். சென்னையில் பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் பில் இல்லாமல், உத்தரவாதம் இல்லாமல் குறைந்த விலையில் கிடைத்தது. 2000களின் பின்பாதியில் நிலைமை மாறியது. பத்தாயிரம் ரூபாய்க்குள் உத்தரவாதத்தோடு மாவட்டத் தலைநகர்களின் கடைகளிலேயே விற்றது. கேனனுக்குச் சச்சின் டெண்டுல்கரும், நிக்கானுக்குப் பிரியங்கா சோப்ராவும், சோனி சைபர்-ஷாட்டுக்குத் தீபிகா படுகோனும் விளம்பரத்தில் வந்தார்கள். தொலைக்காட்சி, ஃப்ரிட்ஜ் வாங்கும் கடையில் தவணையில் கேமராவும் வாங்கலாம் என்றாகிவிட்டது.

வந்த இடத்தில் அது புது வழக்கங்களை உண்டாக்கியது. கல்யாண மண்டபத்தில் அதுவரை படம் எடுத்தவர் ஸ்டுடியோக்காரர் ஒருவரே. இப்போது மேடைக்கு முன் உறவினர் கூட்டமே கேமராவோடு நின்றது. தாலி கட்டும் நேரத்தில் புகைப்படக்காரர் தனக்கு வழி கேட்க வேண்டியிருந்தது. பல கோயில்களில் ஸ்டில் கேமராவுக்கு ஒரு கட்டணம், வீடியோ கேமராவுக்கு அதைவிடக் கூடுதல் கட்டணம் என்று பலகை தொங்கியது; ஒரே சிறு கருவி இரண்டையும் செய்தபோது அந்தப் பலகையின் கணக்குக் குழம்பியது. வீட்டில் கணினி இல்லாதவர்கள் கார்டை லேபிலோ பிரவுசிங் சென்டரிலோ கொடுத்துப் படங்களை சி.டி.யில் ஏற்றி வாங்கினார்கள். உறையில் வந்த நெகட்டிவின் இடத்தில், மார்க்கர் பேனாவால் தேதி எழுதிய சி.டி. அலமாரிக்குப் போனது.

இங்கே ஓர் இழப்பையும் குறிக்க வேண்டும். நெகட்டிவ், ஈரம் படாமல் இருந்தால், ஐம்பது ஆண்டுக்குப் பிறகும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் முகம் தெரியும். எழுதிய சி.டி.யின் சாயப் பூச்சு சில ஆண்டுகளிலேயே கெடக்கூடியது. ஹார்டு டிஸ்க் முன்னறிவிப்பின்றி நிற்கும். கார்டை ஃபார்மேட் செய்ய ஒரு பொத்தான் போதும். ஃபிலிம் ஆல்பத்துக்கும் இணையச் சேமிப்புக்கும் நடுவே மாட்டிக்கொண்ட 2003 முதல் 2012 வரையிலான காலம், படங்கள் மிக அதிகமாக எடுக்கப்பட்டு மிகக் குறைவாக அச்சிடப்பட்ட காலம். அந்த ஆண்டுகளில் பிறந்த பிள்ளைகள் பலருக்குக் கையில் எடுத்துக் காட்டக் குழந்தைப் பருவப் படம் ஒன்றுகூட இல்லாமல் போனது, எடுத்தவர்களின் குற்றம் அன்று. படத்தைக் காப்பதும் படம் எடுப்பதன் ஒரு பகுதி என்று கேமராவோடு யாரும் சொல்லித் தரவில்லை.

படம் அச்சாவது குறைந்ததும் அதை நம்பியிருந்த தொழில்கள் சரிந்தன. கலர் லேப்கள் பாதிநாள் இயந்திரத்தைச் சூடேற்றாமலே மூடின. ஸ்டுடியோக்கள் பாஸ்போர்ட் படம், ஃபிளெக்ஸ் வடிவமைப்பு, கல்யாண ஆல்பம் என்று மாறிப் பிழைத்தன. கோனிகா மினோல்டா 2006இல் கேமராத் தொழிலையே விட்டது. ஊட்டி ஆலை 2010களில் மூடப்பட்டது. கோடக் டிஜிட்டலைக் காணாமல் கண்ணை மூடிக்கொண்டதால் வீழ்ந்தது என்ற பரவலான கதை சரியன்று. 2005இல் அமெரிக்காவில் அதிகம் விற்ற டிஜிட்டல் கேமரா கோடக்குடையதே. ஒரு ரோலில், ஒரு தாளில், ஒரு புட்டி ரசாயனத்தில் திரும்பத் திரும்பக் கிடைத்த லாபம் ஒரு முறை விற்கும் கேமராவில் கிடைக்கவில்லை என்பதே அதன் நோய். 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கோரிய கோடக், அடுத்த மாதமே டிஜிட்டல் கேமரா செய்வதை நிறுத்துவதாக அறிவித்தது.

2010இல் ஜப்பானின் கேமரா நிறுவனங்களது சங்கமான சிபாவின் கணக்கில், நிறுவனங்கள் அனுப்பிய டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடியைத் தாண்டின; அதில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது லென்ஸ் கழற்ற முடியாத சிறிய கேமராக்கள். 2019இல் மொத்தமே ஒன்றரைக் கோடி. 2023இல் சிறிய கேமராக்கள் 17 லட்சம் அளவுக்கு வந்துவிட்டன. கைபேசிக் கேமரா ஜப்பானில் 2000ஐ ஒட்டியே வந்திருந்தும், பத்தாண்டுகள் வரை படத் தரத்தில் அது சிறிய கேமராவின் அருகில் வரவில்லை. தரம் நெருங்கியபோது, சிறிய கேமராவால் முடியாத ஒன்றைக் கைபேசி செய்தது: எடுத்ததை அங்கிருந்தே அனுப்பியது. உடனே பார்க்கலாம், உடனே காட்டலாம் என்று சிறிய கேமரா கற்றுக்கொடுத்த ஆசையின் அடுத்த படி அதுதான். முதலில் விழுந்தவை மலிவான வரிசைகளே. 2018இல் கேசியோவும் சிறிய கேமரா செய்வதிலிருந்து விலகியது.

அந்தக் காலத்தின் தடயம் ஒவ்வொரு கைபேசியிலும் இருக்கிறது. படங்கள் போய்ச் சேரும் ‘டி.சி.ஐ.எம்.’ என்ற கோப்புறை, 1998இல் ஜப்பானிய நிறுவனங்கள் தங்கள் கேமராக்களின் கார்டுகள் ஒன்றையொன்று புரிந்துகொள்ள வகுத்த விதியிலிருந்து வந்தது. எடுத்த நாளும் நேரமும் படத்தோடு ஒட்டிக்கொள்ளும் எக்ஸிஃப் முறை 1995இல் தோன்றியது.

2022 வாக்கிலிருந்து, கைபேசியோடு வளர்ந்த இளைஞர்கள் பழைய சி.சி.டி. கேமராக்களைத் தேடி வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள். கைபேசி பல படங்களைக் கலந்து இருளையும் ஒளியையும் சமன்செய்து தருவதற்கு மாறாக, கூர்மையான ஃப்ளாஷும் வெளுத்த முகமும் கொண்ட படம் அவர்களுக்குப் பிடிக்கிறது. கோடக்கின் பெயரை உரிமம் பெற்று ஜே.கே. இமேஜிங் விற்கும் பிக்ஸ்ப்ரோ வரிசை, புதிதாகக் கிடைக்கும் மலிவான கேமராக்களுள் முக்கியமானது. பழையதை வாங்குபவர் சில தடைகளைக் கடக்க வேண்டும். 2006க்கு முந்திய கேமராக்கள் பெரும்பாலும் 2 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட எஸ்.டி. கார்டைப் படிக்காது, அத்தனை சிறிய கார்டு இப்போது கடைகளில் அரிது. எக்ஸ்.டி. கார்டு செய்வார் இல்லை. அந்தந்த நிறுவனம் தனக்கென்று வடிவமைத்த லித்தியம் பேட்டரி உப்பிப்போனால் அசல் மாற்று கிடைப்பதில்லை. பெயரில்லாத மாற்றைத்தான் நம்ப வேண்டும். விலை உயர்ந்த, மெலிந்த உலோகக் கேமராக்கள் பல இப்படி இழுப்பறையில் முடங்கிவிட்டன. அன்று கனமானவை, அழகற்றவை என்று கடையில் பின்வரிசையில் இருந்த பவர்ஷாட் ஏ, கூல்பிக்ஸ் எல் வகைகளுக்குப் பென்சில் பேட்டரி எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைப்பதால், அவற்றுள் பல இன்றும் ஓடுகின்றன.